சின்ன கார் வாங்கலாமா, பொறுக்கலாமா?

கேள்வி: கும்பகோணத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை பார்க்கிறேன். மனைவி தனியார் பள்ளி ஆசிரியை. இரண்டு சம்பளமும் சேர்த்து மாதம் 52,000 ரூபாய் வருகிறது. பெண்ணுக்கு எட்டு வயது, பையனுக்கு நாலு. இதுவரை நாலு பேரும் ஒரே ஸ்கூட்டரில்தான் போய்வருகிறோம். அம்மாவுக்கு மூட்டுவலி; மாதம் ஒருமுறை தஞ்சாவூர் டாக்டரிடம் அழைத்துப்போக வேண்டும், பஸ் படி ஏற அவரால் முடியவில்லை. கையில் 2 லட்சம் சேர்த்திருக்கிறேன். எல்லாம் சேர்த்து ஐந்தரை லட்சத்துக்குள் ஓர் ஆல்ட்டோ கே10 எடுக்கலாம் என்று பார்த்தால், ஷோரூமில் ஒருவர் "சின்ன கார் காலமெல்லாம் முடிஞ்சுது சார், ஏழு வருஷ லோன் போட்டு எஸ்யூவியா எடுத்துடுங்க" என்கிறார். மச்சான் பழைய ஸ்விஃப்ட் பார்க்கச் சொல்கிறான். நண்பர் ஒருவர், ரெண்டு வருஷம் பொறுத்தால் எலெக்ட்ரிக் கார் விலை இறங்கும் என்கிறார். சின்ன காருக்கு எதிர்காலம் இருக்கிறதா? பார்ட்ஸ் கிடைக்குமா? என்ன செய்யலாம்?
— வாசகர், கும்பகோணம்

பதில்: வாங்குங்கள். பொறுக்க வேண்டாம். நாலு பேர் ஒரே ஸ்கூட்டரில் போகிறோம் என்று எழுதியிருக்கிறீர்களே, மற்ற எல்லாக் கணக்குக்கும் முன்னால் அதுதான் நிற்கிறது. 2022-இல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,000-க்கும் மேல். அதில் 44 சதவீதத்துக்கும் அதிகமானோர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். முன்னால் நிற்கிற பையனுக்கும் பின்னால் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் ஹெல்மெட்கூட இருக்காது என்றே நினைக்கிறேன். எந்த கார் நல்ல கார் என்ற பேச்சு அதற்கு அப்புறம்தான்.

இந்த நாட்டில் சின்ன கார் பிறந்ததும் இந்தத் தேவைக்காகத்தான். 1983 டிசம்பர் 14-ஆம் தேதி முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி கொடுத்தார். விலை ஐம்பதாயிரம் ரூபாய் அளவில். அதுவரை அம்பாசடரும் பத்மினியும்தான். பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மூன்று சிலிண்டர், 796 சிசி என்ஜின் கொண்ட அந்தச் சின்ன வண்டி 2014 ஜனவரியில் நிற்கும் வரை 25 லட்சத்துக்கும் மேல் விற்றது. அரசு ஊழியர், டாக்டர், கடைக்காரர், வாத்தியார் என்று தலைமுறையில் முதன்முதலாகக் கார் வாங்கியவர்கள் வீட்டு வாசலில் நின்றது அதுதான். எந்த ஊர் மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு கை வைப்பார்.

2000-இல் ஆல்ட்டோ வந்தது. அதே 796 சிசி, இன்னும் கொஞ்சம் திருத்தமான உடம்பு. 2010-11 நிதியாண்டில் மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேல் விற்றது. தமிழ்நாட்டுக்கும் இதில் நேரடிப் பங்கு உண்டு. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து 1998-இல் சான்ட்ரோ வெளியே வந்தது. மறைமலை நகரிலிருந்து 2010-இல் ஃபிகோ, ஒரகடத்திலிருந்து 2015-இல் க்விட். சென்னையைச் சுற்றிய கார் தொழிலுக்கு அடித்தளம் போட்டதில் இந்தச் சின்ன கார்களுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

அப்புறம் ஏன் ஷோரூம்காரர் "காலம் முடிஞ்சுது" என்கிறார்? அவர் சொல்வதில் பாதி உண்மை. 2024-25-இல் ஆல்ட்டோவும் எஸ்-பிரெஸ்ஸோவும் சேர்ந்தே ஒன்றேகால் லட்சம் அளவில்தான் விற்றன. விற்கிற கார்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு நெருக்கமாக எஸ்யூவி வகையறாக்கள். சான்ட்ரோ நின்றுபோய், 2018-இல் திரும்ப வந்து, 2022-இல் மறுபடி நின்றது. ஃபோர்டு 2021-இல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்து ஃபிகோவோடு போனது. டாட்சன் என்ற பெயரே 2022-இல் நாட்டை விட்டுப் போனது. ஆல்ட்டோ 800-ம் 2023 ஏப்ரலோடு முடிந்தது. சாலையில் ஓடும்போதே புகையை அளக்கும் புது விதி வந்ததும், அந்தப் பழைய 796 சிசி என்ஜினை அதற்கேற்பத் திருத்துகிற செலவு கட்டுப்படியாகவில்லை.

ஆனால் ஜனங்களுக்குச் சின்ன கார் வேண்டாம் என்றாகிவிட்டதா? நான் அப்படி நினைக்கவில்லை. கார் உள்ள குடும்பம் இந்தியாவில் இன்னும் பத்தில் ஒன்றுகூட இல்லை. வாங்க ஆசைப்படுகிறவர்கள் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். விலைதான் கைக்கு எட்டாமல் போனது. 2018 செப்டம்பரிலிருந்து மூன்று வருட மூன்றாம் நபர் இன்சூரன்ஸை மொத்தமாகக் கட்ட வேண்டியதாயிற்று. 2019-இல் ஏபிஎஸ்-சும் டிரைவர் ஏர்பேகும் கட்டாயம். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 புகை விதி. அதன் பிறகு முன்சீட்டு இரண்டுக்கும் ஏர்பேக். பத்து லட்ச ரூபாய் காரில் இந்தச் செலவு கரைந்துவிடும். மூன்று லட்ச ரூபாய் காரில் அது அப்படியே தலைக்கு மேல் நிற்கும். மாருதி தலைவர் ஆர்.சி. பார்கவா பல வருடமாக இதைத்தான் சொல்லி வந்தார்: ஸ்கூட்டரிலிருந்து காருக்கு மாற நினைக்கிற குடும்பத்தால் இந்த விலையைத் தாங்க முடியவில்லை என்று. நோய் அது என்பதில் அவரோடு ஒத்துப்போகிறேன். ஆனால் ஏர்பேகும் ஏபிஎஸ்-சும் வந்தது தப்பு என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏழை வீட்டுப் பிள்ளைக்கும் பணக்கார வீட்டுப் பிள்ளைக்கும் விபத்தில் ஒரே எலும்புதான்.

விலை குறைவு என்பதை மட்டும் வைத்தும் ஓட்டிவிட முடியாது. அதற்கு நானோ சாட்சி. ஸ்கூட்டரில் நனைந்துகொண்டு போகும் குடும்பத்தைப் பார்த்து ரத்தன் டாடாவுக்கு வந்த யோசனை அது. மிக நல்ல யோசனை. 2008 ஜனவரியில் டெல்லியில் காட்டினார்கள், 2009-இல் ஒரு லட்ச ரூபாய் கார் என்ற பெயரோடு வந்தது, பத்து வருடத்துக்குள் உற்பத்தி நின்றது. சிங்கூர் பிரச்சினை, சாணந்துக்கு ஆலை மாறியது, சில வண்டிகள் தீப்பிடித்தது என்று பல காரணம் உண்டு. பெரிய காரணம், "உலகத்திலேயே மலிவான கார்" என்று அதை ஊர் முழுக்கச் சொல்லி விற்றது. முதல் கார் வாங்குகிறவருக்கு அது வாழ்நாள் சம்பாத்தியம். அதை வாசலில் நிறுத்தும்போது அவருக்குப் பெருமையாக இருக்க வேண்டும். க்விட் அதைப் புரிந்துகொண்டது. 2.57 லட்சத்தில் ஆரம்பித்தாலும் பார்ப்பதற்கு உயரமாக, குட்டி எஸ்யூவி மாதிரி தெரிந்தது. மேல் மாடலில் தொடுதிரைகூட வைத்தார்கள். விற்றது.

இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். 2025 செப்டம்பர் 22 முதல், நாலு மீட்டருக்குள் நீளமும் 1200 சிசிக்குள் என்ஜினும் உள்ள பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கியது. முன்பு 28-ம் அதன் மேல் செஸ்ஸும் இருந்தது. ஆல்ட்டோ கே10-இன் ஆரம்ப விலை 4.23 லட்சத்திலிருந்து 3.70 லட்சத்துக்கு வந்தது. உங்களுக்கு ஏற்ற விஎக்ஸ்ஐ மாடல் சுமார் 4.5 லட்சம். நம் மாநிலத்தில் ஐந்து லட்சம் வரை உள்ள காருக்குச் சாலை வரி 12 சதவீதம். அது 54,000 ரூபாய். இன்சூரன்ஸும் சேர்த்தால் வண்டி சாலைக்கு வர ஐந்தே கால் லட்சத்தைத் தாண்டும். 2 லட்சம் கட்டிவிட்டு மீதி 3.3 லட்சத்துக்கு 9.5 சதவீத வட்டியில் ஐந்து வருடக் கடன் என்றால் மாதம் 6,900 ரூபாய் சொச்சம். வட்டியாகப் போவது மொத்தம் 86,000 அளவில்.

ஷோரூம்காரர் சொல்லும் எஸ்யூவியை எல்லாம் சேர்த்து எட்டரை லட்சம் என்று வைப்போம். 6.5 லட்சம் கடன், ஏழு வருடம், அதே வட்டி. மாதத் தவணை 10,600. வட்டி மட்டும் இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கு மேல். பையன் ஐந்தாம் வகுப்பு முடிக்கிற வரை தவணை ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் அம்மாவுக்கு மூட்டு ஆபரேஷன் என்றால், பெண்ணுக்குப் பள்ளிக் கட்டணம் ஏறினால், எதை நிறுத்துவீர்கள்? 52,000 சம்பளத்தில் காருக்கென்று பெட்ரோலோடு சேர்த்து 10,000 போனால் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் கார் வீட்டை நடத்த ஆரம்பித்துவிடும்.

பெட்ரோல் செலவையும் சொல்லிவிடுகிறேன். கம்பெனிக் கணக்கு லிட்டருக்கு 24 கி.மீ.க்கு மேல். ஊருக்குள்ளும் வெளியிலும் கலந்து ஓட்டினால் 20 கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 600 கி.மீ. ஓடினால் 30 லிட்டர், லிட்டர் நூறு ரூபாய் என்றால் மூவாயிரம். சிஎன்ஜி மாடலுக்குக் கிலோவுக்கு 33.85 கி.மீ. என்கிறார்கள். ஆனால் 214 லிட்டர் டிக்கியில் சிலிண்டர் உட்கார்ந்துகொண்டால் அம்மாவின் வாக்கரை எங்கே வைப்பீர்கள்? உங்கள் ஓட்டத்துக்குப் பெட்ரோலே போதும்.

உங்கள் ஊரில் இந்த வண்டிக்கு இன்னொரு பலன் இருக்கிறது. ஆல்ட்டோவின் நீளம் 3.53 மீட்டர், அகலம் 1.49 மீட்டர். பெரிய கடைத்தெருவில் ஒரு பக்கம் தள்ளுவண்டியும் மறுபக்கம் பைக்கும் நிற்கும்போது இந்த அகலத்தின் அருமை தெரியும். பின்பக்கக் கதவைத் தூக்கி, பின்சீட்டை மடித்தால் ஓர் அரிசி மூட்டையும் காஸ் அடுப்பும் தாராளமாகப் போகும். 760 கிலோ எடைக்கு 998 சிசி என்ஜின் என்பதால் இழுவையில் குறை இல்லை. டயர் 13 இஞ்ச். மாற்றுகிற காலத்தில் எஸ்யூவி டயர் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள், தெரியும்.

பார்ட்ஸ் கிடைக்குமா என்று கேட்டீர்கள். ஆல்ட்டோவே நாளைக்கு நின்றாலும் கவலையில்லை. அதே ஒரு லிட்டர் கே10 என்ஜின்தான் வேகன்-ஆரிலும் செலேரியோவிலும் எஸ்-பிரெஸ்ஸோவிலும் ஓடுகிறது. கிளட்ச், ஃபில்டர், பிளக் எல்லாம் பல வருடத்துக்குத் தட்டில்லாமல் கிடைக்கும். விற்கப் போனாலும், சின்ன மாருதி வண்டிக்கு ஊர்ப்பக்கத்தில் ஆள் காத்திருக்கும்.

இனி, மறைக்கக்கூடாத விஷயம். 2023-இல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஆல்ட்டோ கே10 பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஐந்தில் 2 நட்சத்திரம்தான் வாங்கியது. குழந்தைகள் பாதுகாப்புக்கு ஒன்றுகூட இல்லை. அது இரண்டு ஏர்பேக் மட்டும் இருந்த வண்டி. 2024-இல் வண்டி சறுக்காமல் பிடிக்கும் இஎஸ்பி வந்தது, 2025-இல் ஆறு ஏர்பேக் எல்லா மாடலுக்கும் வந்தது. இரண்டும் பெரிய முன்னேற்றம். ஆனாலும் ஏர்பேக் எண்ணிக்கை கூடியதால் வண்டியின் கூடு தடித்துவிடாது. இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். டாடாவின் டியாகோ 2020-இல், அப்போதிருந்த விதிமுறைப்படி, 4 நட்சத்திரம் வாங்கியது. விலையும் ஏணியில் ஒரு படிதான் மேலே. வாரா வாரம் சென்னை போய்வருகிறேன், ராத்திரியில் ஓட்டுகிறேன் என்று எழுதியிருந்தால் தயங்காமல் அதைத்தான் சொல்லியிருப்பேன். உங்கள் வேலை ஊருக்குள் ஓட்டமும், மாதம் ஒருமுறை பகலில் தஞ்சாவூருக்கு 40 கி.மீ.யும். நாலுவழிச் சாலை காலியாகத்தான் இருக்கிறது என்று விரட்டாமல் 80-க்குள் போங்கள். பின்சீட்டில் எல்லோரும் பெல்ட் போட வேண்டும். அம்மா "கழுத்தை அறுக்குதுடா" என்பார். விடாதீர்கள்.

அம்மாவைப் பற்றி இன்னொன்று. ஷோரூமுக்கு அவரைக் கூட்டிப்போய், ஏறி இறங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மூட்டுவலிக்காரருக்கு இருக்கையின் உயரம்தான் எல்லாம். இடுப்பளவுக்குச் சற்றுக் கீழே இருக்கை இருந்தால் திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே இழுத்துக்கொள்ளலாம். ரொம்பத் தாழ்வாக இருந்தால் எழும்போது முழுப் பாரமும் முழங்காலில் இறங்கும். ஆல்ட்டோவின் முன்சீட்டில் அவர் சிரமப்பட்டால் வேகன்-ஆரையும் ஒருமுறை ஏறிப் பார்க்கட்டும். அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் பட்ஜெட்டை ஐம்பதாயிரம் தளர்த்தலாம். அந்த வண்டியும் மோதல் சோதனையில் உயர்ந்த மதிப்பெண் வாங்கியதில்லை என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மச்சான் சொல்லும் பழைய ஸ்விஃப்ட் தப்பான யோசனை இல்லை. ஐந்தாறு வருடம் ஓடிய நல்ல வண்டி கிடைத்தால் இடவசதி கூடும். ஆனால் நீங்கள் முதல் தடவை கார் வாங்குகிறீர்கள். அடிபட்டு பெயின்ட் அடித்த வண்டியைக் கண்டுபிடிக்கவும், ஓடோமீட்டரைத் திருப்பியிருக்கிறார்களா என்று பார்க்கவும் நம்பகமான மெக்கானிக் கூட இருக்க வேண்டும். பழைய கார் கடனுக்கு வட்டியும் கூடுதல். இன்னொன்று, 2023 ஏப்ரலுக்கு முன் செய்த வண்டிகளில் பல, இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல. சொந்தக்காரர் வண்டி, முதல் கை, சர்வீஸ் புத்தகம் முழுசாக இருக்கிறது என்றால் யோசிக்கலாம். இல்லாவிட்டால் வேண்டாம். எலெக்ட்ரிக் கார் நல்லதுதான், ஆனால் உங்கள் பட்ஜெட்டில் இன்று புதிது எதுவும் இல்லை. அது வரும் வரை குழந்தைகளை ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு காத்திருப்பது நியாயமில்லை.

சின்ன காரின் எதிர்காலத்தைப் பற்றி என் மனதில் இருப்பதையும் சொல்கிறேன். ஜிஎஸ்டி குறைப்பு உயிர்த் தண்ணீர் ஊற்றியிருக்கிறது. ஆனால் அதே 18 சதவீதம், நாலு மீட்டருக்குள் அடங்கும் பத்து லட்ச ரூபாய் எஸ்யூவிக்கும் கிடைக்கிறது. சாலை வரியிலும் அப்படியே: ஐந்து லட்சம் வரை 12 சதவீதம், ஐந்திலிருந்து பத்து லட்சம் வரை 13. ஒரே ஒரு சதவீத வித்தியாசம். இதில் சின்ன காருக்கு என்ன சலுகை? ஜப்பானைப் பாருங்கள். 3.4 மீட்டர் நீளம், 1.48 மீட்டர் அகலம், 660 சிசி என்று எல்லை வகுத்து, அதற்குள் அடங்கும் கார்களுக்கு வரியைத் தனியாகக் குறைத்தார்கள். இன்றும் அங்கே விற்கும் புதுக் கார்களில் மூன்றில் ஒரு பங்கு அந்த வகைதான். ஆல்ட்டோவே அந்த மண்ணில் 1979-இல் பிறந்த வண்டி. நம் தெருக்களின் அகலம், பார்க்கிங் நெருக்கடி, பெட்ரோல் இறக்குமதி எல்லாவற்றுக்கும் பொருந்துகிற வழி அது. 2027-இல் வரவிருக்கும் எரிபொருள் சிக்கன விதிகளில் எடை குறைந்த கார்களுக்குத் தனிச் சலுகை தரலாமா என்று கம்பெனிகளுக்குள் பெரிய சண்டை நடந்தது. தர வேண்டும் என்பது என் கட்சி. கூடவே, அப்படிச் சலுகை வாங்கும் வண்டி மோதல் சோதனையில் குறைந்தது 3 நட்சத்திரமாவது வாங்கியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் போட வேண்டும். தமிழ்நாடு அரசும் ஐந்து லட்சத்துக்குக் கீழான காரின் சாலை வரியை 12-லிருந்து 6 ஆகக் குறைத்தால், உங்களைப் போன்ற ஒரு குடும்பத்துக்கு 27,000 ரூபாய் மிஞ்சும். அது ஏறக்குறைய நாலு மாதத் தவணை.

புக் பண்ணும்போது ஆன்-ரோடு விலைப் பட்டியலை எழுத்தில் வாங்குங்கள். அதில் "அக்சசரீஸ் பேக்" என்று 20,000 ரூபாய் சேர்த்திருப்பார்கள். மிதியடியும் மண்காப்பும் போதும், மற்றதை அடிக்கச் சொல்லுங்கள். "ஹேண்ட்லிங் சார்ஜ்" இருந்தால் எதற்கென்று கேளுங்கள், பதில் வராது, தொகை போய்விடும். இன்சூரன்ஸை அவர்களிடமே எடுக்க வேண்டிய கட்டாயமில்லை. வெளியே விலை கேட்டுவிட்டுப் பேசுங்கள். கடனுக்கு உங்கள் சம்பளக் கணக்கு உள்ள வங்கியில் முதலில் விசாரியுங்கள். பின்சீட்டில் குழந்தை இருக்கையை மாட்டுகிற ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள், விற்பனையாளர் வாயால் சொல்வதை நம்ப வேண்டாம்.

ஆக, ஆல்ட்டோ கே10 விஎக்ஸ்ஐ, பெட்ரோல், கையால் போடும் கியர், ஐந்து வருடக் கடன். அக்சசரீஸில் மிச்சமாகிற பணத்தில் நாலு வயதுப் பையனுக்கு ஒரு குழந்தை இருக்கை வாங்கி, டெலிவரி எடுக்கிற அன்றே ஷோரூமிலேயே பொருத்திக்கொண்டு கிளம்புங்கள்.